எட்டு பன், ஒரு பவுண்டு கொத்துக்கறி: கையைக் கடிக்காத பீஃப் சாண்ட்விச், கடையிலிருந்து டிபன் பாக்ஸ் வரை

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் அறையில் வருடத்துக்கு இரண்டு பேராவது புதிதாக வந்து தங்குவார்கள். படிக்க வந்தவர்கள், வேலை மாறி வந்தவர்கள். முதல் மாதம் வெளியில் சாப்பிட்டு, கார்டு பில்லைப் பார்த்த பிறகு சமையல் பக்கம் திரும்புவார்கள். பீஃப் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் அவர்கள் வாங்கிவரும் முதல் சாமான் ஒரு கிரவுண்ட் பீஃப் (மாட்டுக் கொத்துக்கறி) பாக்கெட்டும் ஒரு பன் பாக்கெட்டும்தான். அன்று ராத்திரி கிடைப்பது சாம்பல் நிறத்தில் ஒரு கறி, கீழ்ப்பக்கம் ஊறிப் பிய்ந்துபோன ஒரு பன்.

தப்பு எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான். தண்ணீர். கறி விடும் தண்ணீர், வெங்காயம் விடும் தண்ணீர், சாஸில் இருக்கும் தண்ணீர். இது மூன்றையும் எந்த வரிசையில் வெளியேற்றுகிறோம் என்பதுதான் இந்தச் சமையல்.

இங்கே செய்யப்போவது ஸ்லாப்பி ஜோ வகை. கறியை உதிரியாக வறுத்து, தக்காளி சாஸில் வற்றவைத்து, பன்னுக்குள் வைப்பது. பர்கர் போல வடை தட்ட வேண்டாம், உடைந்துபோகுமோ என்ற பயமும் வேண்டாம். பர்கரில் பருப்பு கலந்தால் உடனே தெரிந்துவிடும், இதில் தெரியாது. செலவு குறைவதற்கு அது முக்கியம்.

1. அடுப்பைப் பற்றவைக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

எட்டு சாண்ட்விச்சுக்கான அளவு இது. பன் பாக்கெட்டில் பெரும்பாலும் எட்டுதான் இருக்கும் என்பதால் கணக்கை அதிலிருந்து தொடங்கினேன்.

- கிரவுண்ட் பீஃப்: 1 பவுண்டு (454 கிராம்)
- தோலோடு இருக்கும் முழு மைசூர்ப் பருப்பு: அரை கப்
- பெரிய வெங்காயம் 1, குடைமிளகாய் பாதி, பூண்டு 4 பல்
- தக்காளி பேஸ்ட்: 1 மேசைக்கரண்டி
- கெட்சப்: அரை கப்
- கெட்டியான புளிக்கரைசல்: 1 மேசைக்கரண்டி
- கடுகு சாஸ்: 1 தேக்கரண்டி
- மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, சீரகத்தூள் அரை தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை தேக்கரண்டி
- உப்பு: முக்கால் தேக்கரண்டி, பிறகு ருசி பார்த்து
- தண்ணீர்: அரை கப்
- பன்: 8

அமெரிக்கக் குறிப்புகளில் புளிக்குப் பதில் வூஸ்டர்ஷயர் சாஸ் என்று இருக்கும். அந்த பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தால் வினிகர், வெல்லப்பாகு, நெத்திலி இவற்றோடு புளியும் இருக்கும். வீட்டில் புளி இருக்கும்போது இந்த ஒரு கரண்டிக்காகத் தனி பாட்டில் வாங்க வேண்டாம்.

பாத்திரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 12 அங்குல அகலமுள்ள, அடி கனமான வாணலி வேண்டும். இரும்போ ஸ்டீலோ நல்லது. மெல்லிய நான்ஸ்டிக்கில் கறி வேகும், சிவக்காது. தோசை திருப்பும் தட்டைக் கரண்டி ஒன்று, காலி டப்பா ஒன்று. டப்பா எதற்கு என்பது ஏழாவது படியில்.

2. கடையில்: நிறத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

பாக்கெட்டின் மேல் 73/27, 80/20, 85/15, 93/7 என்று எழுதியிருக்கும். முதல் எண் சதை, அடுத்தது கொழுப்பு. கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கிரவுண்ட் பீஃப் என்று விற்கக் கூடாது என்பது இங்கத்திய விதி.

புதிதாக வருகிறவர்கள் 93/7 எடுத்துவிடுவார்கள். உடம்புக்கு நல்லது என்று ஒரு எண்ணம், விலை கூடினால் தரமும் கூடும் என்று இன்னொரு எண்ணம். இந்தச் சமையலில் நாம் எப்படியும் கொழுப்பை வடிக்கப்போகிறோம். அதனால் 80/20 போதும். கொழுப்பில்லாத கறி வாணலியில் காய்ந்து மரத்தூள் மாதிரி ஆகிவிடும்.

ஆனால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு 73/27 எடுக்கவும் வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு. 80/20 பவுண்டு 5 டாலர், 93/7 பவுண்டு 7 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விலையைச் சதையின் பங்கால் வகுத்தால் முதலாவதில் ஒரு பவுண்டு சதைக்கு 6.25 டாலர், இரண்டாவதில் சுமார் 7.53 டாலர். 80/20 ஜெயித்தது. அதே கடையில் 73/27 பவுண்டு 4.75 டாலர் என்றால்? வகுத்துப் பாருங்கள், சுமார் 6.51 டாலருக்கு வந்து நிற்கும். லேபிளில் மலிவு, வாணலியில் மலிவு இல்லை. உங்கள் கடை விலையை வைத்து ஒருமுறை போனில் தட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

நிறம் பலரைப் பயமுறுத்தும். மேலே பளிச்சென்று சிவப்பு, கையால் பிளந்தால் உள்ளே பழுப்பு. பழைய கறியைப் புதுக் கறியால் மூடி ஏமாற்றிவிட்டான் என்று ஒரு பையன் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டான். ஏமாற்று ஒன்றுமில்லை. காற்று படும் இடத்தில் கறியின் நிறமி சிவக்கிறது, காற்று புகாத உள்பகுதியில் சிவப்பதில்லை, அவ்வளவுதான். கெட்டுப்போன கறிக்கு அடையாளம் புளித்த நாற்றமும், தொட்டால் கையில் ஒட்டும் பிசுபிசுப்பும்.

மூன்று பவுண்டு, ஐந்து பவுண்டு ஃபேமிலி பேக்கில் பவுண்டு விலை பெரும்பாலும் இறங்கும். எப்போதும் இறங்கும் என்று நம்பாமல், விலைச் சீட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் பவுண்டு விலையைப் படியுங்கள். தேதி நெருங்கியதால் விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட்டையும் எடுக்கலாம், அன்றைக்கே சமைப்பதாகவோ ஃப்ரீசரில் போடுவதாகவோ இருந்தால்.

கறியைக் கடைசியாக எடுங்கள். முதலில் கறியை வண்டியில் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் கடையைச் சுற்றுவது நல்ல பழக்கம் இல்லை.

3. வீட்டுக்கு வந்ததும் பங்கு போடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்

பச்சைக் கொத்துக்கறி ஃப்ரிட்ஜில் ஒன்று அல்லது இரண்டு நாள்தான் தாங்கும். முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான் இருக்கும். அரைத்த கறியில் அந்த வெளிப்பக்கம் முழுக்க உள்ளே போய்க் கலந்துவிட்டது. அதனால்தான் இந்த அவசரம்.

ஃபேமிலி பேக்கை ஒரு பவுண்டு பங்குகளாகப் பிரித்து ஜிப்லாக் பைகளில் போடுங்கள். பையை மேஜையில் வைத்து உள்ளங்கையால் தட்டித் தட்டி அரை அங்குலக் கனத்துக்குப் பரப்பி, காற்றை வெளியே தள்ளி மூடுங்கள். மேலே தேதி எழுதுங்கள். மூன்று நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிட்டால் ருசி குறையாது.

தட்டையாகப் பரப்புவதற்குக் காரணம் உண்டு. உருண்டையாக உறைந்த கறி உருக ஒரு ராத்திரி வேண்டும். தட்டையாக உறைந்தது, பையோடு குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும். தண்ணீரை அரை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆபீசிலிருந்து ஏழு மணிக்கு வந்து எட்டரைக்குச் சாப்பிட நினைப்பவருக்கு இந்த வித்தியாசம்தான் சமையலா பீட்சாவா என்பதை முடிவுசெய்யும்.

கறியை வெளியே மேடையில் வைத்து உருக விடாதீர்கள். நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே ஓரம் கெட ஆரம்பித்துவிடும். மைக்ரோவேவில் இளக்கினால் உடனே சமைத்துவிட வேண்டும், ஏனென்றால் ஓரங்கள் அதற்குள் அரைவேக்காடு ஆகியிருக்கும்.

4. கழுவாதீர்கள்

இதற்குத் தனியாக ஒரு படி எழுத வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஊரிலிருந்து வந்த எல்லாருக்கும் கை தானாகக் குழாய்ப் பக்கம் போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து குரல்: “அண்ணே, கறிய ரெண்டு தண்ணி கழுவிட்டேன், இப்ப என்ன?”

“எதுலப்பா கழுவின?”

“அரிசி வடிக்கிற சல்லடைலதாண்ணே.”

இறங்கிப் போய்ப் பார்த்தால் சிங்க் ஓட்டையைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் கால்வாசிக் கறி. மீதி சல்லடையில் தண்ணீர் குடித்து வெளுத்துக் கிடந்தது. அதை வறுக்க முயன்றோம். அரைமணி நேரம் கறிக்கஞ்சிதான் கொதித்தது.

ஊர்க் கறிக்கடையில் மரக்கட்டையின் மேல் கொத்தித் தரும் கறியில் எலும்புத் துணுக்கு இருக்கும், மரத்துகள் இருக்கும், கழுவுவதில் ஒரு நியாயம் உண்டு. இது பாக்கெட்டில் அடைத்து வந்தது. கழுவினால் கிருமி போகாது, சிங்கிலும் மேடையிலும் பக்கத்தில் இருக்கும் தட்டிலும் தெறிக்கும். கிருமியைக் கொல்வது சூடுதான். கவிச்சி பிடிக்காதவர்களுக்கு மருந்து ஆறாவது படியில் இருக்கிறது. பாக்கெட்டில் ஊறியிருக்கும் சிவப்பு நீரை மட்டும் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உங்கள் கையை.

5. பருப்பை முன்னதாகவே வேகவையுங்கள்

கறி வறுக்கும்போது பருப்பைக் கவனிக்க முடியாது. அதனால் இது முதலில்.

தோலோடு இருக்கும் முழு மைசூர்ப் பருப்பு, பழுப்பு நிறத்தில் இருக்குமே, அதுதான் வேண்டும். தோல் நீக்கிய ஆரஞ்சு நிறப் பருப்பு குழைந்து சாம்பார் வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். முழுப் பருப்பு வெந்தபின் உருவத்திலும் நிறத்திலும் உதிர்ந்த கறியோடு ஒன்றிப்போகும்.

குக்கர் வேண்டாம். திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் 20, 25 நிமிடம். நகத்தால் அழுத்தினால் நசுங்க வேண்டும், தானாக உடையக் கூடாது. வடிகட்டியில் போட்டு அப்படியே ஆறவிடுங்கள். வடிகட்டியிலேயே இருக்கும்வரை ஆவியாக நீர் போய்க்கொண்டே இருக்கும். ஈரத்தோடு கறியில் கொட்டினால் அடுத்த படியில் நாம் படப்போகும் பாடெல்லாம் வீண்.

அரை கப் பருப்பு வெந்தால் ஒரு கப்புக்குக் கொஞ்சம் மேல் வரும். ஒரு பவுண்டு கறிக்கு அதுதான் எல்லை. இதற்கு மேல் போட்டால் அது பருப்பு சாண்ட்விச். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பெயரை மாற்றிவிடுங்கள்.

6. கறியை வறுப்பது: கிளறாமல் இருப்பதுதான் வேலை

நேரம் குறைவாக இருந்தால் மற்ற படிகளில் எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இங்கே வேண்டாம்.

ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேனைப் போடுங்கள். பல அபார்ட்மென்ட்களில் அந்த ஃபேன் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி திரும்பவும் நம் முகத்திலேயே ஊதும். அதனால் ஜன்னல் கட்டாயம். ஸ்மோக் அலாரம் அலறினால் பதற வேண்டாம். தீயைக் குறைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து அதன் கீழே விசிறுங்கள். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துபோனவர்களை எனக்குத் தெரியும். அதைச் செய்யாதீர்கள்.

வாணலியை மூன்று நிமிடம் காயவிடுங்கள். மின்சாரச் சுருள் (coil) அடுப்பாக இருந்தால் ஐந்து நிமிடம். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் உருண்டோடி மறைய வேண்டும். அரைத் தேக்கரண்டி எண்ணெய் போதும், கறியிலேயே கொழுப்பு இருக்கிறது.

இப்போது கறியை மொத்தமாகப் போட்டுத் தட்டைக் கரண்டியால் அடை தட்டுவது போல அழுத்திப் பரப்புங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நான்கைந்து நிமிடம். எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. போட்ட நொடியிலிருந்து கிண்டிக்கொண்டே இருப்பார்கள். உப்புமா கிண்டிய கை. கிண்டக் கிண்டக் கறி சின்னச் சின்னத் துணுக்காகும், ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் நீர் வடியும், வாணலியின் சூடு இறங்கும், கறி தன் தண்ணீரிலேயே வேகும். வெந்த கறி சாம்பல் நிறத்தில் இருக்கும். சிவக்க வேண்டுமென்றால் கறியின் மேற்பரப்பு கொதிநீரின் சூட்டைத் தாண்ட வேண்டும், ஈரம் இருக்கும்வரை அது தாண்டாது.

காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் களகளவென்று கொதிக்கும் சத்தம். அது தண்ணீர். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும். சடசடவென்று, அப்பளம் பொரிக்கும்போது வருமே அப்படி. தண்ணீர் போய்க் கொழுப்பு பொரிகிறது என்று அர்த்தம். வாசனையும் அங்கேதான் மாறும், கவிச்சி போய் வறுவல் வாசம் வரும். நான்காவது படியில் சொன்ன மருந்து இதுதான்.

அடியில் ஆழ்ந்த பழுப்பு நிறம் ஏறியதும் பெரிய துண்டுகளாகப் பிளந்து திருப்புங்கள். மறுபக்கம் இரண்டு நிமிடம். அதன்பிறகு கரண்டியின் முனையால் கொத்து பரோட்டா கொத்துவது போலக் கொத்தி உதிருங்கள். எல்லாப் பக்கமும் சிவக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஆழமாகச் சிவந்தாலே அந்த ருசி மொத்தக் கறிக்கும் பரவிவிடும், மற்ற பக்கங்கள் மெத்தென்று இருக்கட்டும்.

இரண்டு பவுண்டு செய்வதாக இருந்தால் இரண்டு தடவையாக வறுங்கள். ஒரே வாணலியில் அடைத்தால் ஆவி வெளியேற இடமில்லாமல் மறுபடியும் கஞ்சிதான். உப்பையும் இதுவரை போடக் கூடாது. முன்பே போட்டால் நீர் சீக்கிரம் வெளியே வந்துவிடும்.

கொத்துக்கறி உள்ளே 160 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட வேண்டும், அதாவது 71 டிகிரி செல்சியஸ். தடித்த பர்கருக்கு நிறத்தை நம்ப முடியாது, தெர்மாமீட்டர் வேண்டும். நம்முடையது உதிர்ந்து, வறுபட்டு, பிறகு சாஸிலும் பத்து நிமிடம் கொதிக்கப்போவதால் இந்தக் கவலை இல்லை. பெரிய கட்டி எதுவும் உதிராமல் தங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. கொழுப்பை வடிப்பது, எங்கே வடிப்பது

வாணலியைச் சாய்த்துக் கறியை ஒரு பக்கம் ஒதுக்கினால் கொழுப்பு கீழே குளமாகச் சேரும். கரண்டியால் மொண்டு அந்தக் காலி டப்பாவில் ஊற்றுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வாணலியிலேயே இருக்கட்டும், வெங்காயம் வதக்க வேண்டும். இன்னொரு மேசைக்கரண்டியைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வையுங்கள், பன்னுக்கு.

சிங்கில் ஊற்றாதீர்கள். சூட்டில் எண்ணெய் போலத்தான் ஓடும். குழாய்க்குள் ஆறியதும் மெழுகாக உறைந்து, பின்னால் வரும் சோற்றுப்பருக்கையை எல்லாம் பிடித்துக்கொள்ளும். சுடுதண்ணீர் விட்டால் போய்விடும் என்பது, அடைப்பை இன்னும் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் வைக்கும் வேலை. நான் ஒருமுறை பிளம்பருக்குக் கொடுத்த காசில் ஒரு வருஷத்துக்குக் கறி வாங்கியிருக்கலாம். டப்பாவில் உறைந்ததும் குப்பையில் போட்டுவிடுங்கள்.

8. வெங்காயம் முதலில், கெட்சப் கடைசியில்

கறியைத் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அதே வாணலியில் பொடியாக நறுக்கிய வெங்காயமும் குடைமிளகாயும். உப்பை இப்போது போடுங்கள், இங்கே வெங்காயம் நீர் விடுவது நமக்கு உதவி. அந்த நீர் வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு ஏட்டை இளக்கும். அதைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி வெங்காயத்தோடு கலக்குங்கள். நம்மூர்ச் சமையலில் அடிப்பிடித்தது என்றால் திட்டு விழும். இது கருகியதில்லை, ருசி முழுக்க அந்த ஏட்டில்தான் இருக்கிறது. இதைச் சுரண்டாமல் வாணலியைக் கழுவப் போடுகிறவர்கள் சாஸைத்தான் கழுவி ஊற்றுகிறார்கள்.

வெங்காயம் சுருங்கி ஓரம் சிவக்க ஏழு எட்டு நிமிடம் ஆகும். கண்ணாடியாக மாறியதும் அவசரப்பட்டு அடுத்ததைப் போட்டால், மிச்ச நீரை அது பன்னுக்குள் போய் விடும்.

பூண்டு அரை நிமிடம். தூள்களையும் தக்காளி பேஸ்ட்டையும் சேர்த்துக் கொழுப்பிலேயே ஒரு நிமிடம் வதக்குங்கள். சிவப்பு, செங்கல் நிறத்துக்கு இறங்க வேண்டும். பேஸ்ட்டின் பச்சை வாடை எண்ணெயில்தான் போகும், தண்ணீரில் கொதிக்கவைத்தால் போகாது.

இப்போது அரை கப் தண்ணீர், புளிக்கரைசல், கடுகு சாஸ். பிறகுதான் கெட்சப். அதில் சர்க்கரை அதிகம். காய்ந்த வாணலியில் நேராக ஊற்றினால் அடியில் கருகிக் கசந்துவிடும். தனியாகச் சர்க்கரை எதுவும் நான் போடுவதில்லை. அமெரிக்கர்கள் இதோடு பழுப்புச் சர்க்கரையும் சேர்ப்பார்கள். நம் நாக்குக்கு அது ஜாம்.

9. கறியும் பருப்பும் சேர்ந்து வற்றட்டும்

கறியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டுக் கிளறி, தீயைக் குறைத்து, மூடாமல் பத்து நிமிடம். மூடினால் ஆவி திரும்ப உள்ளேயே சொட்டும்.

எப்போது இறக்குவது என்று எல்லாரும் கேட்பார்கள். நிமிடக் கணக்கு எனக்கே சரியாக வருவதில்லை, அடுப்புக்கு அடுப்பு மாறும். இப்படிப் பாருங்கள்: கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு இரண்டு மூன்று விநாடி அப்படியே நிற்க வேண்டும். சாஸ் உடனே ஓடி வந்து மூடிக்கொண்டால் இன்னும் வற்ற வேண்டும். கோட்டின் ஓரத்தில் எண்ணெய் மட்டும் பிரிந்து மின்னினால் கொஞ்சம் அதிகமாக வற்றிவிட்டது, இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்துச் சரிசெய்யலாம்.

இறக்கியதும் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். சூட்டில் தளர்வாகத் தெரிவது ஆறும்போது இறுகும். இப்போது உப்பு பாருங்கள். பன் இனிப்பாக இருக்கும் என்பதால் கறியைத் தனியாகச் சாப்பிடும்போது ஒரு சிட்டிகை கூடுதலாகத் தெரிந்தால்தான் உள்ளே வைத்தபின் சரியாக இருக்கும்.

10. பன்னை வறுக்காமல் வைக்காதீர்கள்

எடுத்து வைத்த கொழுப்பைப் பன்னின் வெட்டிய பக்கத்தில் லேசாகத் தடவி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி தோசைக்கல்லில் ஒரு நிமிடம். பொன்னிறத் தோல் கட்ட வேண்டும். அந்தக் காய்ந்த தோலும் கொழுப்பும் சேர்ந்து சாஸ் உடனே ஊறாமல் தடுக்கும். டோஸ்டரில் இரண்டு பக்கமும் காய்ந்து முறுகிவிடுகிறது. எனக்கு வெளிப்பக்கம் மெத்தென்று இருக்க வேண்டும்.

நேற்று வாங்கிய பன் இன்று வாங்கியதைவிட நன்றாக நிற்கும். மீதிப் பன்னை ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வறண்டுபோகும், ஃப்ரீசரில் வையுங்கள். கல்லில் போட்டால் பழையபடி ஆகிவிடும். சதுர பிரெட் வேண்டாம், இந்தக் கறியின் எடைக்கு அது தாங்காது.

அடுக்கும்போது சீஸ் ஸ்லைஸ் இருந்தால் கறிக்குக் கீழே வையுங்கள், மேலே இல்லை. கீழே உருகிய சீஸ் இன்னொரு தடுப்பு. அதன்மேல் குவியலாக மூன்று மேசைக்கரண்டி கறி. இந்த அளவில் எட்டும் சரியாக வரும், ஆசைக்கு நான்கு கரண்டி வைத்தால் ஆறாவது பன்னோடு முடிந்துவிடும். மேலே கொஞ்சம் முட்டைக்கோஸை மெல்லிசாக நறுக்கி எலுமிச்சை பிழிந்து வையுங்கள். லெட்டூஸ் விலையும் அதிகம், சூட்டில் வாடியும் போகும்.

கறி 5 டாலர், பன் 2 டாலர், மற்றதெல்லாம் சேர்த்து 2 டாலர் என்று போட்டால் மொத்தம் 9. எட்டால் வகுத்தால் ஒன்றுக்கு 1 டாலர் 13 சென்ட். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

11. மிச்சக் கறியும் மறுநாள் டிபன் பாக்ஸும்

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் கறி ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். ஆழமான குண்டானோடு தூக்கி வைக்காதீர்கள், நடுவில் மணிக்கணக்கில் சூடு இருக்கும். அகலமான டப்பாவில் பரப்பி வையுங்கள். மூன்று நான்கு நாள் இருக்கும். பருப்பு ராத்திரியெல்லாம் சாஸைக் குடித்துவிடும் என்பதால் மறுநாள் கறி கெட்டியாக இருக்கும், ருசி முதல் நாளைவிடக் கூடியிருக்கும். ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து ஆவி பறக்கும்வரை சுடவையுங்கள்.

ஆபீசுக்குக் கொண்டுபோகிறவர்கள் சாண்ட்விச்சாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். காலை எட்டுக்கு வைத்தது மதியம் ஒன்றுக்குக் களியாகியிருக்கும். கறியை மைக்ரோவேவில் வைக்கக்கூடிய கண்ணாடி டப்பாவில் எடுத்துப்போய் ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பன்னை வீட்டிலேயே கல்லில் வாட்டி, ஆறிய பிறகு ஃபாயிலில் சுற்றுங்கள்; சூட்டோடு சுற்றினால் உள்ளே வியர்க்கும். மதியம் கறியை மட்டும் சுடவைத்து அங்கேயே நிரப்பிச் சாப்பிடுங்கள். பன்னையும் மைக்ரோவேவில் வைத்தால் முதல் கடி மெத்தென்று இருக்கும், மூன்றாவது கடிக்குள் ரப்பர்.